தையல் பிரித்த பிறகு: கர்ப்பப்பை அறுவையும் பெண்ணின் எலும்பும்

கர்ப்பப்பை அறுவை செய்துகொண்ட பெண்ணுக்குச் சொல்லப்படும் கட்டுப்பாடுகள் மிஞ்சிப்போனால் மூன்று மாதத்துக்கானவை. குடம் தூக்கக் கூடாது, குனிந்து வீடு பெருக்கக் கூடாது, பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாது. தையல் பிரித்து, எடுத்த சதையில் புற்றுநோய் இல்லை என்று பரிசோதனை முடிவும் வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மருத்துவமனைக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அத்தோடு முடிகிறது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து முதுகு வலிக்கிறது என்று அவர் போய் நிற்பது எலும்பு மருத்துவரிடம். வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். அந்த முறிவையும் பழைய அறுவையையும் சேர்த்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு எண்பது ஆண்டுக்கும் மேலான மருத்துவச் சான்று இருக்கிறது. அந்தச் சான்றுகள் என்ன சொல்கின்றன, எங்கே ஒன்றோடொன்று முரண்படுகின்றன, நம் பெண்களுக்கு அவற்றால் என்ன பயன் என்று தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பின் எதிர்காலத்தைப் பெருமளவு தீர்மானிப்பவை இரண்டு செய்திகள்: அறுவையில் சினைப்பைகளும் (முட்டைப்பைகளும்) எடுக்கப்பட்டனவா, அப்போது அந்தப் பெண்ணுக்கு என்ன வயது. இந்த இரண்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அதன் பொருளையும் யாராவது அவருக்கு விளக்கியிருக்க வேண்டும்.

ஒரே பெயரில் பல அறுவைகள்

“கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க” என்று நாம் சொல்வதில் பல அறுவைகள் அடக்கம். கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருக்கலாம். கருக்குழாய்களையும் சேர்த்து எடுத்திருக்கலாம். ஒரு பக்கச் சினைப்பை போயிருக்கலாம். இரண்டு பக்கமும் போயிருக்கலாம். கர்ப்பப்பை போனால் மாதவிடாய் நிற்கும், குழந்தை பிறக்காது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரப்பது சினைப்பைதான். எலும்பைக் காப்பதில் பெரும்பங்கு அந்த ஹார்மோனுக்கு உண்டு.

வீட்டில் பீரோவில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். அறுவையின் பெயர் எழுதிய வரியில் பெரும்பாலும் சுருக்கெழுத்துகள் இருக்கும். ‘டி.ஏ.எச்.’ என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்தது. ‘டி.எல்.எச்.’ என்றால் லேப்ராஸ்கோப்பி வழியாக எடுத்தது. ‘வி.எச்.’ என்றால் கீழ்வழியாக எடுத்தது. எந்த வழியாக எடுத்தார்கள் என்பதால் எலும்புக்கு ஒன்றும் இல்லை. அடுத்து வருவதைத்தான் பார்க்க வேண்டும். ‘பி.எஸ்.ஓ.’ என்று இருந்தால் இரண்டு கருக்குழாய்களோடு இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன. ‘ஆர்.எஸ்.ஓ.’ அல்லது ‘எல்.எஸ்.ஓ.’ என்றால் வலது பக்கம் மட்டும், அல்லது இடது பக்கம் மட்டும். ‘பி.எஸ்.’ என்று நின்றுவிட்டால் கருக்குழாய்கள் மட்டும் எடுக்கப்பட்டன, சினைப்பைகள் உள்ளேதான் இருக்கின்றன. சம்மரி தொலைந்துபோயிருந்தால் பயாப்ஸி ரிப்போர்ட் உதவும். பரிசோதனைக்கு வந்த உறுப்புகளின் பெயரும் அளவும் அதன் முதல் பத்தியிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டி விளக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் வீடு திரும்பிய பெண்கள் நம்மிடையே ஏராளம். கர்ப்பப்பை எடுத்தது தெரியும், முட்டைப்பை என்ன ஆனது என்று தெரியாது என்பார்கள். அவர்கள்மேல் குறை இல்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

எலும்புக்கு ஈஸ்ட்ரோஜன் ஏன் வேண்டும்

எலும்பு ஒருமுறை உருவாகி அப்படியே நிற்கும் பொருளல்ல. பழைய சுவரில் இற்றுப்போன காரையைப் பெயர்த்துப் புதுக்காரை பூசுவதுபோல, எலும்பைக் கரைக்கும் செல்களும் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. முப்பது வயதுவாக்கில் எலும்பின் அடர்த்தி உச்சத்தைத் தொடுகிறது. அதன்பின் சில ஆண்டுகள் ஏறத்தாழ அதே நிலையில் இருக்கிறது. கரைக்கும் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுப்பதும், வேலை முடிந்ததும் அவற்றை மடியச் செய்வதும் ஈஸ்ட்ரோஜன். அது குறைந்தால் கரைக்கும் வேகம் கட்டும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த உள்ளெலும்பு முதலில் அடிவாங்குகிறது. முதுகெலும்புத் துண்டுகளிலும் மணிக்கட்டிலும் அந்த வகை எலும்பு அதிகம் என்பதால் முறிவுகளும் அங்கே முதலில் வருகின்றன. இடுப்பு முறிவு வயது ஏறியபின் வருகிறது.

மாதவிடாய் இயல்பாக நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் சில ஆண்டுகளாகப் படிப்படியாகக் குறைகிறது. இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் சில நாள்களிலேயே அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. அறுவை முடிந்த வாரத்திலேயே சிலருக்கு உடம்பு தீயாய் எரிவதும், நள்ளிரவில் புடவை நனைய வியர்ப்பதும் இதனால்தான். அந்த எரிச்சல் வெளியே தெரிகிறது. எலும்பு கரைவது தெரிவதில்லை. முதல் சில ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் குறையக்கூடும்.

வயது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46 என்று இந்திய மெனோபாஸ் சங்கத்தின் நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. மேலை நாடுகளில் இது 51. இங்கே 35 வயதில் இரு சினைப்பைகளையும் இழந்த பெண், 50 வயதை எட்டும்போது ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் 15 ஆண்டுகள் கழித்திருப்பார். இயல்பாக மாதவிடாய் நின்ற பெண் இதே நிலைக்கு வருவது 61 வயதில். இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒருவர் நடுவயதுக்காரர், இன்னொருவர் பாட்டி. எலும்பைப் பொறுத்தவரை இருவரும் ஒரே படியில் நிற்கக்கூடும்.

சான்றுகள் வந்த வழி

இந்தத் தொடர்பை முதலில் திட்டவட்டமாகச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் முதுகெலும்பு நொறுங்கி வந்தவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்பதை அவர் கவனித்தார். அவர்களில் பலருக்கு அறுவையால் மாதவிடாய் நின்றிருந்தது. சினைப்பை ஹார்மோன் இல்லாமல் போவதே எலும்பு புரைபடக் காரணம் என்று 1940, 1941 ஆண்டுகளில் எழுதினார்.

அதை எண்களால் நிறுவியவை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த தொடர் ஆய்வுகள். புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகச் சினைப்பை எடுக்கப்பட்ட பெண்களை எய்ட்கென், ஹார்ட், லிண்ட்சே ஆகியோர் அடங்கிய குழு கையெலும்பின் அடர்த்தியை அளந்து பின்தொடர்ந்தது. 45 வயதுக்கு முன் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே எலும்புப்புரை கூடுதலாக வருவதை 1973-இல் வெளியிட்டார்கள். அதே பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டபோது, ஈஸ்ட்ரோஜன் பெற்றவர்களின் எலும்பு காக்கப்பட்டது. மருந்து பெறாதவர்களின் உயரம் குறைந்ததையும் முதுகெலும்பு பாதிக்கப்பட்டதையும் 1980-இல் வந்த கட்டுரை காட்டியது. இடையில் 1978-இல் வந்த இன்னொரு முடிவும் முக்கியமானது. ஈஸ்ட்ரோஜனை நிறுத்தியதும் எலும்பு மறுபடியும் வேகமாகக் கரையத் தொடங்கியது. சில ஆண்டுகள் மருந்து எடுத்தால் ஆயுள் முழுதும் காப்பு என்று நினைக்க முடியாது.

ஆக, மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் இரு சினைப்பைகளையும் எடுத்தால் எலும்புக்குக் கேடு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சிக்கலான கேள்விகள் வேறு இரண்டு.

சினைப்பையை விட்டுவைத்தால் கவலை இல்லையா?

முதல் கேள்வி இது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்து, சினைப்பைகளை விட்டுவைத்தால் ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும். ஆயினும் அது எவ்வளவு காலம் என்பதில் வேறுபாடு தெரிகிறது. நியூசிலாந்தில் ஃபார்குவார் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பப்பை எடுக்கப்பட்ட பெண்களுக்குச் சினைப்பை ஓய்ந்துபோவது மற்றவர்களைவிட 3.7 ஆண்டு முந்தியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மூர்மன் குழு 2011-இல் வெளியிட்ட முடிவில், நான்கு ஆண்டுக் காலத்துக்குள் சினைப்பை செயலிழந்தவர்கள் அறுவை செய்தவர்களில் 14.8 சதவீதம், செய்யாதவர்களில் 8 சதவீதம். கர்ப்பப்பைக்குச் செல்லும் ரத்தக்குழாயிலிருந்து சினைப்பைக்கும் ஒரு கிளை போகிறது. அறுவையில் அது துண்டிக்கப்படுவது ஒரு காரணமாக இருக்கலாம். அறுவைக்குக் கொண்டுபோன நோயே சினைப்பையையும் பாதித்திருக்கலாம். எது எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை.

எலும்பு முறிவு என்று வரும்போது படம் இன்னும் மங்கலாகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மேயோ கிளினிக் ஆய்வாளர் மெல்டன் குழு, கர்ப்பப்பை எடுத்த 9,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளைப் பார்த்து 2007-இல் எழுதியது. மொத்த முறிவுகள் எதிர்பார்த்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தன. எலும்புப்புரையால் வரும் முறிவுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கூடுதல் மிகச் சிறிதாகவே இருந்தது. ஆகவே கர்ப்பப்பை மட்டும் எடுக்கப்பட்ட பெண் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை.

அவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மற்ற பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதே ஓர் அறிவிப்பு. இவருக்கு அந்த அறிவிப்பு கிடையாது. சினைப்பை ஓய்ந்துபோனாலும் நாள்காட்டியில் எந்த மாற்றமும் தெரியாது. உடம்பு எரிச்சல், தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி, மூட்டு வலி ஆகியவை 45 வயதுக்கு முன்பே வந்தால் வயசாகிவிட்டது என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். எஃப்.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சில வாரம் கழித்து மறுமுறையும் செய்தால், சினைப்பையின் நிலை ஓரளவு தெரிந்துவிடும்.

மாதவிடாய் நின்ற பிறகு எடுத்தால்?

இரண்டாவது கேள்வி இது. வயதான பெண்ணின் சினைப்பை வெறும் சதைத் துண்டல்ல. ஈஸ்ட்ரோஜன் நின்ற பிறகும் அது ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைச் சிறிதளவு சுரக்கிறது. உடலின் கொழுப்புத் திசு அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. இதை வைத்துப் பார்த்தால் மாதவிடாய் நின்ற பிறகு எடுத்தாலும் எலும்புக்கு இழப்புத்தான். மேயோ கிளினிக் 340 பெண்களைப் பின்தொடர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, எலும்புப்புரை முறிவுகள் 54 சதவீதம் கூடியதாகச் சொன்னது. ஆனால் 2005-இல் வெளியான, 65 வயதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்களைப் பற்றிய பெரிய ஆய்வு அப்படி எந்தக் கூடுதலையும் காணவில்லை. இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது, ஐம்பத்தைந்து வயதில் எடுப்பதால் வரும் கேடு முப்பத்தைந்து வயதில் எடுப்பதால் வருவதோடு ஒப்பிடவே முடியாதது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

“எதற்கும் எடுத்துவிடலாம்” என்ற எண்ணம்

நல்ல நிலையில் உள்ள சினைப்பையை ஏன் எடுக்கிறார்கள்? பின்னாளில் புற்றுநோய் வந்துவிடக் கூடாதே என்பதற்காக. சினைப்பைப் புற்றுநோய் முற்றிய பிறகே தெரியவரும் கொடிய நோய் என்பதால் இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இந்தப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ள குடும்பத்துப் பெண்களுக்கு எடுத்துவிடுவதே சரி. முதல் வகை மாற்றம் உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள்ளும், இரண்டாம் வகை உள்ளவர்களுக்கு 40 முதல் 45 வயதுக்குள்ளும் எடுக்கப் பரிந்துரைக்கிறார்கள். எலும்பைக் காட்டி அவர்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லாத பெண்ணுக்குக் கணக்கு வேறு. சினைப்பைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்படும் மேலை நாடுகளிலேயே ஆயுட்காலத்தில் எழுபது, எண்பது பெண்களில் ஒருவருக்குத்தான் அது வருகிறது. இதய நோயும் எலும்பு முறிவும் அதைவிடப் பலமடங்கு பெண்களைத் தாக்குகின்றன. மேயோ கிளினிக்கின் ரோக்கா குழு 2006-இல் காட்டியது இது: 45 வயதுக்கு முன் இரு சினைப்பைகளும் எடுக்கப்பட்டு, ஈஸ்ட்ரோஜனும் பெறாத பெண்களிடையே இறப்பு கூடியிருந்தது. அமெரிக்கச் செவிலியர் சுகாதார ஆய்வில் கர்ப்பப்பை அறுவை செய்துகொண்ட 29,380 பேரை 24 ஆண்டு பின்தொடர்ந்த முடிவு 2009-இல் வந்தது. சினைப்பையும் எடுத்தவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் குறைந்தன; மொத்த இறப்பு கூடியது. எந்த வயதினரிடமும் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை.

இன்று ஒரு நடுவழியும் உண்டு. சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பது தெரியவந்த பிறகு, கருக்குழாய்களை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டுவைக்கும் முறை பரவியிருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2010-இல் இதை ஓர் இயக்கமாகவே தொடங்கியது. புற்றுநோய் வாய்ப்பும் குறைகிறது, எலும்புக்கு வேண்டிய ஹார்மோனும் தொடர்கிறது. அறுவைக்கு முன் எந்தப் பெண்ணும் தன் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

இந்தியாவில் இது ஏன் பெரிய கேள்வி

மேலை நாடுகளில் கர்ப்பப்பை அறுவை பெரும்பாலும் நாற்பதுகளின் நடுவில் நடக்கிறது. இந்தியாவில் தேசிய குடும்பநல ஆய்வு 2015–16 சுற்றில்தான் முதன்முதலாக இதைப் பற்றிப் பெண்களிடம் கேட்டது. 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 3 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். அறுவையின்போது அவர்களுடைய இடைநிலை வயது 34. மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்திருந்தன. பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கும் வலியும். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் விகிதம் நாட்டின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒருநாள் கூலியும் போகாமலிருக்கக் கர்ப்பப்பையை எடுத்துக்கொள்வது 2019-இல் நாடெங்கும் பேசப்பட்டது. அங்கே அரசு எடுத்த கணக்கில் சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையற்ற அறுவைகள் நடப்பதாக டாக்டர் நரேந்திர குப்தா 2013-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்றது. அந்த நெறிகளின்படி தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் இருக்க வேண்டும். தேவையற்ற அறுவையைத் தடுப்பது முதல் வேலை என்பதில் ஐயமில்லை. பெரும்பாடு எனும் அதிக ரத்தப்போக்குக்கு மாத்திரைகளும், ஹார்மோன் பூசிய கர்ப்பப்பை வளையமும், கட்டி இருந்தால் அதை மட்டும் எடுக்கும் அறுவையும் இருக்கின்றன. ஏற்கெனவே அறுவை முடிந்துபோன லட்சக்கணக்கான பெண்களின் எலும்பைப் பற்றி என்ன செய்வது என்பதும் அதே அளவு அவசரமான கேள்வி. அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

நம் பகுதிப் பெண்கள் தொடக்கத்திலேயே பின்தங்கித்தான் நிற்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நடமாடிக்கொண்டு நலமாக இருந்த, மாதவிடாய் நின்ற பெண்களிலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு வைட்டமின் டி போதவில்லை. திருப்பதியில் டாக்டர் சி.வி. ஹரிநாராயண் நடத்திய ஆய்வுகளும் வெயிலுக்குப் பஞ்சமில்லாத அந்த ஊரில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதைக் காட்டின. இளவயதுக் கர்ப்பங்கள், பாலும் மீனும் எட்டாத சமையலறை, பெரும்பாட்டால் ரத்தசோகை. இவற்றோடு 34 வயதில் ஹார்மோனும் நின்றுபோனால் அந்த எலும்பு எவ்வளவுதான் தாங்கும்?

ஹார்மோன் மாத்திரை: அச்சமும் உண்மையும்

45 வயதுக்கு முன் இரு சினைப்பைகளையும் இழந்த பெண்ணுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும் என்பதே பிரிட்டனின் நைஸ் அமைப்பு வகுத்தது உள்ளிட்ட பல மருத்துவ நெறிமுறைகளின் பரிந்துரை. இது உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது. கூடுதலாக எதையும் சேர்ப்பதல்ல.

இருந்தும் ஹார்மோன் என்றதும் மருத்துவர்களே தயங்குவதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை மார்பகப் புற்றுநோயையும் இதயக் கேட்டையும் கூட்டுவதாகக் கண்டு 2002-இல் அதை நிறுத்தினார்கள். அதில் பங்கேற்றவர்கள் கர்ப்பப்பை உள்ளவர்கள்; அவர்களின் சராசரி வயது 63. கர்ப்பப்பை இல்லாத 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த மற்றொரு பிரிவின் முடிவு 2004-இல் வந்தது. இடுப்பு முறிவு 39 சதவீதம் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பக்கவாதம் கூடியது, அது அலட்சியப்படுத்தக் கூடிய விஷயமல்ல. ஆனால் அறுபதுகளில் இருந்த அந்தப் பெண்களின் முடிவை 35 வயதில் சினைப்பை இழந்தவருக்கு அப்படியே பொருத்துவது தவறு. கர்ப்பப்பை இல்லாதவருக்குப் பெரும்பாலும் புரோஜெஸ்டின் தேவைப்படுவதில்லை என்பதும் ஓர் ஆறுதல்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், சிலவகைக் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்காக அறுவை செய்தவர்கள் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் ஒத்துவராமல் போகலாம். அவர்களுக்கு எலும்புக்கென்றே மருந்துகள் உண்டு. வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். காபியோடு எடுத்தால் உடம்பில் சேராது. பிறகு அரைமணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. டெனோசுமாபைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம்: செலவைப் பார்த்தோ மறந்தோ இடையில் நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும். நிறுத்துவதென்றால் மாற்று மருந்தைத் தொடங்கிய பிறகே நிறுத்த வேண்டும்.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். கத்தி படாவிட்டாலும் கதிர்வீச்சு சினைப்பையை ஓயவைக்கிறது, இடுப்பெலும்பையும் நேரடியாகப் பலவீனமாக்குகிறது. சிகிச்சைக்குச் சில மாதம் கழித்து வரும் இடுப்புவலி, நோய் திரும்பியதால் அல்லாமல் எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாலும் இருக்கலாம்.

அடுக்களையிலிருந்து ஆரம்பிக்கலாம்

உணவால் மட்டும் ஈஸ்ட்ரோஜன் இழப்பை ஈடுகட்ட முடியாது. சத்தில்லாத உடம்பில் எந்த மருந்தும் முழுப்பயன் தராது என்பதும் உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும்; மாதவிடாய் நின்றவர்களுக்கு 1,200. ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 240, ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் செய்த அடையிலோ களியிலோ 180, ஒரு கிண்ணம் தயிரில் 150, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் 150 என்று வைத்தால் 700-ஐத் தாண்டிவிடலாம். மீதியை எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, தேவைப்பட்டால் மாத்திரை ஆகியவற்றால் நிரப்பலாம். கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது; ஒன்று மற்றொன்றைச் சேரவிடாது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

வைட்டமின் டி-க்குக் காலை இளவெயில் போதும் என்று நம்புகிறோம். திருப்பதி ஆய்வில் முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 வரையிலான வெயிலில்தான் தோல் அதை நன்கு உருவாக்கியது. முழுக்கைச் சட்டையும் சேலையும் போர்த்திய உடம்புக்கு அது எட்டுவது கடினம் என்பதால், பலருக்கு மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை தேவைப்படும்.

நடை இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு அதோடு எடை தூக்கும் பயிற்சியும், நாற்காலியிலிருந்து கைகொடுக்காமல் எழுந்து உட்காரும் பயிற்சியும், ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவதும் வேண்டும். அறுவைக்குப்பின் விதித்த “எதையும் தூக்காதே” என்ற தடையை வாழ்நாள் விதியாக்கிக்கொள்வது எலும்புக்குக் கேடு. காயம் ஆறியபின் தசைக்கும் எலும்புக்கும் சுமை வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்

அறுவைக்கு முன் ஒவ்வொரு பெண்ணும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கர்ப்பப்பையை எடுக்காமல் குணப்படுத்த வழி உண்டா? எடுத்தால் சினைப்பையை விட்டுவைக்க முடியுமா? அதையும் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஹார்மோன் எப்போது தொடங்கும், எதுவரை தொடரும்?

அறுவை முடிந்தவர்கள் சம்மரியைத் தேடி எடுத்துச் சினைப்பையின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 45 வயதுக்கு முன் இரண்டையும் இழந்தவர்கள் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற மதிப்பெண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் அது எலும்புப்புரை. குதிகாலை மட்டும் அளக்கும் இலவச முகாம்களின் முடிவை வைத்து நோய் உண்டு, இல்லை என்று தீர்மானிக்க முடியாது. இளமையில் இருந்த உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் வலி இல்லாவிட்டாலும் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை முறிவு என்று கண்டறியப்படாமலே போகின்றன.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியது, டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழில் இரண்டு வரி: சினைப்பைகள் எடுக்கப்பட்டனவா, அடுத்து எலும்பை எப்போது சோதிக்க வேண்டும். அரசுக்கு இதற்கெனப் புதிய திட்டம் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. அவர்களுடைய படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும்: கர்ப்பப்பை எடுத்தீர்களா, எந்த வயதில்? முட்டைப்பையும் எடுத்தார்களா? “45-க்கு முன், ஆமாம்” என்று விடை வரும் ஒவ்வொரு பெண்ணையும் எலும்பு அடர்த்திச் சோதனைக்கும் ஹார்மோன் பற்றிய ஆலோசனைக்கும் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம். அரசின் காப்பீட்டுத் திட்டம் அறுவைக்குப் பணம் தருகிறது. அந்த அறுவையால் வரும் எலும்பு இழப்பைத் தடுக்கும் சிகிச்சைக்கும் அதே காப்பீட்டிலிருந்து பணம் தருவதுதான் முறை.

இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் தனியாக நடமாடுவதில்லை. அந்த முறிவுக்கான காரணம் முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் அறுவையில் இருந்தால், அதைத் தடுக்க நமக்கு முப்பது ஆண்டுகள் கிடைத்திருக்கின்றன என்று பொருள். அறுவை செய்தவர்களும் அதற்குப் பணம் கொடுத்த அரசும் அந்த ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.